மார்பக இம்பிளான்ட்டைச் சிறிதாக்கும் மறு அறுவை: யோசிப்பவர்களுக்கு ஒரு தொடக்க விளக்கம்

இலவம்பஞ்சுத் தலையணையில் பாதிப் பஞ்சை உருவிவிட்டு, மீதியை அதே உறையில் போட்டுப் பாருங்கள். பஞ்சு ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும், மறுமூலை சுருங்கித் தொங்கும். உறையைப் பிரித்து ஓரத்தை உள்ளே வாங்கித் தைத்தால்தான் அது மறுபடி தலையணையாக நிற்கும். மார்பக இம்பிளான்ட் என்பது மார்புக்குள் வைக்கும், சிலிக்கோன் ஜெல்லோ உப்புநீரோ நிரப்பிய பை. பெரிய இம்பிளான்ட்டை எடுத்துவிட்டுச் சின்னதை வைக்கும் சிகிச்சையும் ஏறக்குறைய இப்படித்தான். எடுப்பதும் வைப்பதும் அதில் எளிய பகுதி. பல வருஷமாக உள்ளே இருந்த பழைய இம்பிளான்ட் விரித்து வைத்த தோலையும், அது உட்கார்ந்திருந்த உள்ளறையையும் என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. "எத்தனை சிசி குறைக்கலாம்" என்று மட்டும் கேட்டுவிட்டு மேசையில் படுப்பவர்கள்தான் பின்னால் அதிகம் வருத்தப்படுகிறார்கள்.

குமரி மாவட்டத்தில் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் குறைவு. வளைகுடாவில் நர்ஸ் வேலை பார்க்கும்போது வைத்துக்கொண்டவர்கள், பெங்களூரிலோ கொச்சியிலோ வைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், புற்றுநோய்க்கு மார்பை எடுத்த பிறகு மறுசீரமைப்பாக வைத்தவர்கள் என்று பல வழிகளில் வந்த இம்பிளான்ட்கள் இங்கே இருக்கின்றன. வைத்த மருத்துவர் ஒரு நாட்டில், தாள்கள் ஒரு வீட்டில், ஆள் மார்த்தாண்டத்தில். அதனால் அடிப்படையிலிருந்தே சொல்லவேண்டியிருக்கிறது.

கனம் எங்கே இருக்கிறது?

இம்பிளான்ட்டின் அளவை சிசியில் சொல்வார்கள். 1 சிசி என்பது 1 மில்லி. உள்ளே இருப்பது உப்புநீர் என்றால் 1 சிசி ஏறக்குறைய 1 கிராம். சிலிக்கோன் ஜெல் தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு. ஆக, 500 சிசி இம்பிளான்ட் ஒன்று அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சில் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம். அதை 300 ஆக்கினால் பக்கத்துக்கு 200 கிராம், மொத்தம் 400 கிராம் குறையும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள், ஆசைக்கும் யதார்த்தத்துக்கும் உள்ள தூரம் தெரியும். 50 சிசி என்பது மூன்று மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். அவ்வளவு குறைத்தால் பிளவுஸ் போட்டபின் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, உங்களுக்கே தெரியாமல் போகலாம். அதற்காக ஒரு மயக்கமருந்து, ஒரு தழும்பு, ஆறு வார ஓய்வு என்று போவது நியாயமில்லை. கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வேண்டுமென்றால் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல் குறைக்க வேண்டிவரும். 150 முதல் 200 சிசி வரை ஒரு கப் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. ஆனால் பிரா கம்பெனிக்குக் கம்பெனி கப் மாறும், நெஞ்சின் அகலம் ஆளுக்கு ஆள் மாறும். "சி கப் வேணும்" என்று கேட்பதைவிட, பிடித்த அளவில் இருந்த காலத்துப் புகைப்படம் ஒன்றைக் கொண்டுபோவது நல்லது.

இன்னொரு கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கனம் இம்பிளான்ட்டினுடையதா, உங்கள் சொந்த மார்பினுடையதா? 25 வயதில் 275 சிசி வைத்த ஒருவர், இரண்டு பிரசவமும் 12 கிலோ எடையும் கூடி 40 வயதில் வந்து "இது ரொம்பப் பெரிசு" என்பார். இம்பிளான்ட் வளரவில்லை, அதன் மேலிருக்கும் கொழுப்பும் சுரப்பித்திசுவும்தான் வளர்ந்திருக்கின்றன. மாதவிடாய் நிற்கும் காலத்திலும் இது நடக்கும். அப்படிப்பட்டவருக்கு 275-ஐ 200 ஆக்கிப் பயனில்லை. சொந்தத் திசுவைக் கொஞ்சம் குறைத்துத் தூக்கித் தைப்பதோ, இம்பிளான்ட்டை அறவே எடுத்துவிடுவதோ பொருத்தமாக இருக்கும். மருத்துவர் மார்பின் மேற்பகுதியை விரலால் கிள்ளிப் பார்த்துத் தடிமனை அளப்பது இதற்காகவும்தான்.

கழுத்துவலி, தோளில் பிரா நாடா பதிந்த பள்ளம், மார்பின் அடிமடிப்பில் வியர்த்து வரும் புண் இவையெல்லாம் கனத்தால் வரக்கூடியவை. நமக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு, கடல்காற்றின் ஈரமும் உண்டு. அடிமடிப்பில் ஈரம் தங்கி அரிப்பும் பூஞ்சையும் வருவது இங்கே சாதாரணம். அளவு குறைந்து மடிப்பு விலகினால் இது பெரும்பாலும் குறையும். முதுகுவலியைப் பற்றி அவ்வளவு உறுதி தரமுடியாது. முந்திரி ஆலையில் நாள்முழுதும் குனிந்து பருப்பு உடைப்பவருக்கும், கணினி முன் எட்டு மணி நேரம் கூனி உட்காருபவருக்கும் முதுகு வலிக்க வேறு காரணம் இருக்கிறது. வலிக்காக வர்ம ஆசானிடம் தடவப் போகிறவர்கள், உள்ளே இம்பிளான்ட் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குப்புறப் படுக்கவைத்து அழுத்துவது அதற்கு ஆகாது.

உள்ளறையும் தோலும்

உடலுக்குள் அந்நியப் பொருள் எது போனாலும் அதைச் சுற்றி உடல் ஒரு தழும்புச் சவ்வு கட்டும். இதை மருத்துவர்கள் காப்ஸ்யூல் என்பார்கள். இது நோய் அல்ல, எல்லோருக்கும் வரும். மெல்லிசாக, மென்மையாக இருந்தால் அது இருப்பதே தெரியாது. சிலருக்கு அது தடித்து இறுகும். இந்த இறுக்கத்தை பேக்கர் என்பவர் பெயரில் நான்கு படிகளாகப் பிரிப்பார்கள்: முதல் படியில் மார்பு இயல்பாக இருக்கும், இரண்டில் தொட்டால் கொஞ்சம் கெட்டி, மூன்றில் பார்த்தாலே உருமாற்றம் தெரியும், நான்கில் வலியும் சேரும். முதல் இரண்டு படி என்றால் பழைய காப்ஸ்யூலைப் பெரும்பாலும் விட்டுவைத்து, அதையே தையலுக்குப் பிடிமானமாகப் பயன்படுத்தலாம். மூன்று, நான்கு என்றால் அதைப் பகுதியாகவோ முழுதாகவோ உரித்தெடுக்க வேண்டியிருக்கும். நேரமும் ரத்தக்கசிவும் கூடும், தையலுக்குப் பிடிமானமும் குறையும்.

500 சிசி இருந்த அறையில் 300 சிசியைப் போட்டால் அது சும்மா இருக்காது. மல்லாந்து படுத்தால் இரண்டும் அக்குள் பக்கம் வழுக்கிப் போகும். நின்றால் அடிமடிப்பையும் தாண்டிக் கீழே இறங்கும். முலைக்காம்பு மேலே பார்க்கும், பிராவுக்கு மேல் எட்டிப்பார்க்கும். இதைத் தவிர்க்கத்தான் அறையைச் சுருக்கித் தைக்கிறார்கள். காப்ஸ்யூலின் இரண்டு சுவர்களையும் பக்கவாட்டிலும் அடியிலும் சேர்த்து, கரையாத அல்லது மெதுவாகக் கரையும் நூலால் தைப்பார்கள். அதற்கு முன் அந்தச் சுவரை மின்சூட்டால் லேசாகச் சுட்டுச் சுருக்குவதும் உண்டு. சுட்ட இரண்டு பரப்பும் ஒன்றோடொன்று நன்றாக ஒட்டும்.

தையலைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது, முதல் சந்திப்பிலேயே இதைப் பேசவேண்டும். இம்பிளான்ட்டுக்கு சிசி மட்டும் அளவல்ல. அடி அகலம், முன்நீட்சி என்று இன்னும் இரண்டு உண்டு. ஒரே 300 சிசி, 11 செ.மீ. அகலத்தில் கூம்பிய வடிவிலும் கிடைக்கும், 13 செ.மீ. அகலத்தில் பரந்த வடிவிலும் கிடைக்கும். பழையது 14 செ.மீ. அகலம் என்றால், புதியதை 13 செ.மீ. அகலத்தில் குறைந்த முன்நீட்சியோடு தேர்ந்தெடுத்தால் அறை ஏறக்குறைய நிரம்பிவிடும். முன்னால் துருத்துவது குறையும், பக்கவாட்டில் வழுக்காது. ஆனால் மார்பு அகலமாகவே தெரியும். ஒடுங்கிய தோற்றம் வேண்டும் என்பவருக்கு இது ஒத்துவராது, அவருக்கு அறையைத் தைத்தே ஆகவேண்டும். பழைய அறை தசைக்கு மேலே இருந்தால், அதை அப்படியே மூடிவிட்டு நெஞ்சுத்தசைக்கு அடியில் புது அறை எடுப்பது மூன்றாவது வழி. மேற்பகுதித் தோல் மெலிந்து, இம்பிளான்ட்டின் ஓரம் தண்ணீரில் அலை விழுந்ததுபோலத் தெரிகிறவர்களுக்கு இது நல்லது. கையை அழுத்தும்போது தசை சுருங்கி மார்பு அசைவது இதில் வரும் சங்கடம்.

இனித் தோல். ரப்பரைப்போல உடனே சுருங்கிக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். 30 வயதுக்குள், இம்பிளான்ட் வைத்து இரண்டு மூன்று வருஷமே ஆன, எடை ஏறி இறங்காத ஒருவருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் தோல் ஓரளவு வாங்கிக்கொள்ளும். பிரசவக்கோடுகள் விழுந்த தோலுக்கு அந்தச் சக்தி போய்விட்டது. முலைக்காம்பு அடிமடிப்பின் மட்டத்தில், அல்லது அதற்குக் கீழே 1 செ.மீ. வரை இருந்தால் லேசான தொய்வு. 1 முதல் 3 செ.மீ. வரை நடுத்தரம், அதற்கும் கீழே என்றால் கடுமையான தொய்வு. பெரிய இம்பிளான்ட் உள்ளே நிரப்பி வைத்திருக்கும்வரை இந்தத் தொய்வு மறைந்தே இருக்கும். எடுத்த பிறகுதான் உண்மை தெரியும். ஆகவே இப்போது கண்ணாடியில் காம்பு சரியான இடத்தில் நிற்கிறதே என்று நினைத்து, தூக்கித் தைக்கவேண்டாம் என்று நீங்களே முடிவு கட்டிவிடவேண்டாம்.

உப்புநீர் இம்பிளான்ட் வைத்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. மருத்துவரின் அறையிலேயே மரத்துப்போக ஊசி போட்டு, இம்பிளான்ட்டைத் துளைத்துத் தண்ணீரை வடித்துவிடலாம். உப்புநீர் உடலுக்குக் கேடில்லாதது. மூன்று நான்கு வாரம் பொறுத்தால் தோல் எவ்வளவு சுருங்குகிறது, சொந்த மார்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். சின்னது வேண்டுமா, ஒன்றுமே வேண்டாமா என்று நிதானமாகத் தீர்மானிக்கலாம். சிலிக்கோன் ஜெல்லில் இதைச் செய்யவே கூடாது.

தூக்கித் தைப்பதையும் சேர்த்துச் செய்யலாமா?

இந்த இடத்தில் கவனமாக இருங்கள், கண்டிப்பாகச் சொல்கிறோம். முலைக்காம்புக்கு ரத்தம் தோலின் அடியிலிருந்தும், சுரப்பித்திசு வழியாகவும், நெஞ்சுச்சுவரிலிருந்தும் வருகிறது. பெரிய இம்பிளான்ட் பல வருஷம் அழுத்தியதில் திசு மெலிந்திருக்கும். முன்பு காம்பின் கருவட்டத்தைச் சுற்றி வெட்டியிருந்தால் அங்கே சில ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே போயிருக்கும். இந்த நிலையில் காப்ஸ்யூலை உரித்து, இம்பிளான்ட்டை மாற்றி, மேலே தோலையும் வெட்டித் தூக்கினால் மிச்சமிருக்கும் வழிகளும் ஒரே நாளில் அறுபடலாம். காம்போ அதைச் சுற்றிய தோலோ கறுத்து அழுகிப்போகும் அபாயம் அப்படித்தான் வருகிறது. புகைப்பவருக்கு இது பலமடங்கு. நிக்கோட்டின் நுண்குழாய்களைச் சுருக்கிவிடும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம், அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அறுவைக்கு முன் நான்கு வாரம், பின் நான்கு வாரம் அறவே நிறுத்தவேண்டும். நிக்கோட்டின் சூயிங்கமும் ஒட்டும் பட்டையும்கூட ஆகாது.

அதனால் சில நேரம் மருத்துவர், "இப்ப சின்னதா மாத்துவோம், ஆறு மாசம் கழிச்சுத் தூக்கித் தைக்கலாம்மா" என்பார். இரண்டாம் முறை காசு வாங்கத்தான் சொல்கிறார் என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் பாதுகாப்பான யோசனை அதுதான். ஆறு மாதத்தில் தோல் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் சுருங்கி, இரண்டாம் அறுவையே வேண்டாம் என்றாகிவிடுவதும் உண்டு.

தூக்கித் தைத்தால் தழும்பு கருவட்டத்தைச் சுற்றியோ, அதோடு கீழே ஒரு செங்குத்துக் கோடாகவோ, அடிமடிப்பிலும் சேர்ந்து நங்கூரம்போலவோ விழும். தொய்வு கூடக்கூடத் தழும்பும் நீளும். நம் நிறத்தோலில் தழும்பு தடிப்பது அதிகம். காதுகுத்திய இடமோ தடுப்பூசித் தழும்போ புடைத்து வளர்ந்தவர்கள் அதைக் காட்டிச் சொல்லவேண்டும்.

முழுக்க எடுத்துவிடுவதையும் ஒரு வழியாக வைத்துப் பேசுங்கள். சின்ன இம்பிளான்ட்டும் இம்பிளான்ட்தான். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-ல் கட்டாயமாக்கிய எச்சரிக்கையிலேயே இவை வாழ்நாள் முழுதும் இருக்கும் பொருள் அல்ல என்று இருக்கிறது. இன்று 300 வைத்தால் இன்னொரு நாள் அதற்கும் ஒரு அறுவை வரலாம். இடுப்பிலோ தொடையிலோ கொழுப்பை எடுத்து மார்பில் செலுத்துவது இம்பிளான்ட் இல்லாத வழி. செலுத்தியதில் கணிசமான பங்கை உடல் உறிஞ்சிவிடும், சிலசமயம் கட்டிகளாகத் தங்கி மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயில் குழப்பும். களைப்பு, மூட்டுவலி, மறதி என்று உடல் முழுக்க வரும் தொல்லைக்கு இம்பிளான்ட் காரணம் என்று நினைப்பவர்கள் அளவைக் குறைத்துப் பயனில்லை. அதை உறுதிப்படுத்தும் பரிசோதனை இல்லை; எடுத்த பிறகு சிலருக்குக் குணம் தெரிகிறது, சிலருக்கு இல்லை.

தாள்களும் பரிசோதனைகளும்

முதல்முறை வைத்தபோது ஒரு சிறிய அட்டை கொடுத்திருப்பார்கள். அதில் கம்பெனி, மாடல் எண், சிசி, லாட் எண், வரிசை எண் இருக்கும். அது இல்லையென்றால் டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு இரண்டையும் அந்த மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள். இந்தியாவில் மருத்துவர்கள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தரவேண்டும் என்பது 2002-ம் வருட மருத்துவ ஒழுக்க விதிகளில் இருக்கிறது. ஆனால் அதே விதி பதிவுகளை மூன்று வருஷம் வைத்திருக்கத்தான் சொல்கிறது. பத்து வருஷம் ஆனவர்களுக்குக் கிடைக்காமல் போகலாம். கிடைக்காவிட்டாலும் வழி அடைந்துவிடவில்லை. அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் வகையும் தோராயக் கொள்ளளவும் தெரியும். வெளியே எடுத்ததும் பின்புறத்தில் அச்சிட்ட அளவைப் படிக்கலாம், இல்லையென்றால் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். அப்படிப்பட்டவருக்கு மருத்துவர் மூன்று நான்கு அளவுகளைக் கைவசம் வரவழைத்து வைத்திருக்கவேண்டும். இதை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்யுங்கள்.

மேற்பரப்பு சொரசொரப்பான வகையா, வழவழப்பா என்பதையும் அட்டையில் பாருங்கள். சொரசொரப்பான வகையோடு தொடர்புடைய அரிய நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று இருக்கிறது. அதனால்தான் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை 2019 ஜூலையில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. தொந்தரவு இல்லாதவர்கள் பயந்து ஓடிப்போய் எடுக்கவேண்டும் என்று எஃப்.டி.ஏ. சொல்லவில்லை. எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால், காப்ஸ்யூலையும் எடுப்பதா என்று அப்போதே பேசிவிடலாம். வைத்துப் பல வருஷம் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி நீர் கோத்தால், அந்த நீரை எடுத்து, இந்தப் புற்றுநோயைக் கண்டறிய உதவும் சிடி30 சோதனைக்கு அனுப்பாமல் எந்த மறு அறுவையும் செய்யக்கூடாது.

ஸ்கேன் எதற்கு என்றால், சிலிக்கோன் ஜெல் இம்பிளான்ட் சத்தமில்லாமல் கிழியும். வெளியே வலியோ வீக்கமோ இருக்காது. எம்.ஆர்.ஐ. படத்தில் இம்பிளான்ட்டின் கிழிந்த உறை ஜெல்லுக்குள் நூடுல்ஸ் இழைபோல மடிந்து கிடக்கும். கிழிந்தது தெரிந்தால் திட்டமே மாறும். 40 வயதுக்கு மேற்பட்டவர்களும், அம்மா வழியிலோ அக்கா தங்கைக்கோ மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களும் அறுவைக்கு முன் மேமோகிராம் எடுக்கவேண்டும். எடுப்பவரிடம் இம்பிளான்ட் உண்டு என்று சொன்னால்தான் அதைப் பின்னுக்குத் தள்ளி, திசுவை மட்டும் முன்னால் இழுத்துக் கூடுதல் படம் எடுப்பார்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது பெயர்ப்பலகையில் 'காஸ்மெட்டிக்' என்ற சொல்லைப் பார்க்காதீர்கள், பட்டத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்குச் சமமான தேசிய வாரியப் பட்டம் வேண்டும். முதல்முறை வைப்பதைவிட மறு அறுவை கடினம். "நீங்க அளவைக் குறைச்ச ஆட்களோட முன்-பின் படங்கள் காட்டுங்க டாக்டர்" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். "அறையைத் தைப்பீங்களா, காப்ஸ்யூலை எடுப்பீங்களா? காம்பு எந்த மட்டத்துல நிக்கும்? தையல் விட்டுப்போனா மறுபடி யார் செலவுல சரி செய்வீங்க?" இந்த மூன்றுக்கும் நேரான பதில் தராதவரிடம் தேதி வாங்கவேண்டாம்.

தேதி குறிக்கும்போது: பாலூட்டுவதை நிறுத்தி ஆறு மாதமாவது ஆகியிருக்கவேண்டும், எடை சில மாதங்களாக நிலையாக இருக்கவேண்டும், சர்க்கரை கட்டுக்குள் வரவேண்டும். சீக்கிரம் பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதற்குப் பிறகு செய்வதுதான் புத்திசாலித்தனம், கர்ப்பம் எல்லா அளவையும் மாற்றிவிடும். இபுப்ரூஃபன், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் இ, சித்த மருந்து லேகியம் எல்லாவற்றையும் பட்டியல் எழுதிக் கொடுங்கள், ரத்தம் உறைவதைத் தாமதிப்பவை அதில் இருக்கலாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.

மேசையில் என்ன நடக்கிறது?

மயக்கம் கொடுப்பதற்கு முன்பே, நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போது மருத்துவர் பேனாவால் கோடு போடுவார். படுத்தால் மார்பு இடம் மாறிவிடும் என்பதால் நிற்கவைத்துத்தான் போடவேண்டும். முழு மயக்கம். வெட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏறும். முலைக்காம்பின் மேல் ஒட்டும் படலம் ஒட்டுவார்கள், பால்குழாய்களில் இருக்கும் கிருமி அறைக்குள் போகாமலிருக்க. பெரும்பாலும் பழைய தழும்பையே திறந்து, காப்ஸ்யூலைப் பிளந்து, பழையதை எடுத்து, அறையைக் கழுவுவார்கள். பிறகு அளவு பார்ப்பதற்கான தற்காலிக இம்பிளான்ட்டை வைத்து, மேசையை நிமிர்த்தி மயக்கத்திலேயே உங்களை உட்காரவைப்பார்கள். இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா, எங்கே வழுக்குகிறது என்று பார்த்து, தைக்கவேண்டிய இடத்தைக் குறித்து, தைத்து, மறுபடி உட்காரவைத்துப் பார்ப்பார்கள். திருப்தியான பிறகுதான் உண்மையான இம்பிளான்ட் பெட்டி திறக்கப்படும். கையுறையை மாற்றிக்கொண்டு, தோலைத் தொடாமல் புனல் போன்ற பை வழியாக அதை உள்ளே தள்ளுவது நல்ல பழக்கம். காப்ஸ்யூல் எடுத்திருந்தால் நீர் வடியும் குழாய் வைப்பார்கள். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால் எடுத்துவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

திருவனந்தபுரத்தில் செய்துகொண்டு அன்றே களியக்காவிளை தாண்டி வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நாகர்கோவிலிலிருந்து அது 65 கி.மீ.க்குச் சற்றுக் கூடக்குறைய இருந்தாலும், அந்தச் சாலையில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ரத்தம் கட்டுவது பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்தில்தான். அந்த இரண்டு நாளும் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். சென்னையில் செய்தால் குறைந்தது ஒரு வாரம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் வேறு. வரும்போது கீழ்ப்படுக்கையாகப் பதிவுசெய்து, இரண்டு மணிக்கொரு முறை எழுந்து நடக்கவேண்டும்.

ஆறு வாரம்தான் அறையின் தையல் உறுதிப்படும் காலம். அதைக் கெடுப்பவை நம் வீட்டுவேலைகளே. தேங்காய் திருவும்போது நெஞ்சுத்தசை எப்படி இறுகுகிறது என்று ஒரு கையால் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் அது உள்ளே தையலை அழுத்தும். சோற்றுப்பானையைச் சரித்து வடிப்பது, அம்மியில் அரைப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது, உயரக் கொடியில் ஈரப்புடவை போடுவது எல்லாம் அதே தசையின் வேலை. குடத்தில் 15 லிட்டர் பிடித்தால் அது 15 கிலோ. முதல் இரண்டு வாரத்துக்கு 2 கிலோவுக்கு மேல் தூக்காமல் இருப்பது நல்லது. வீட்டில் விவரம் சொல்ல விருப்பமில்லை என்றால் "நெஞ்சுப்பக்கம் ஒரு ஆபரேஷன், ஆறு வாரம் கையைத் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாவது சொல்லிவையுங்கள். ஒன்றும் சொல்லாமல் வழக்கம்போல அடுக்களையில் நின்றால் கெடுவது தையல்தான்.

நடப்பதை அன்றே தொடங்கலாம். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஒரு வாரம் பத்து நாளில் போகலாம். ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு மூன்று நான்கு வாரம். தூங்கும்போது முதுகுக்குத் தலையணை கொடுத்து, சாய்ந்த நிலையில் மல்லாந்து படுக்கவேண்டும். பக்கவாட்டில் படுத்தால் வெளிப்பக்கத் தையலில் முழு எடையும் விழும். கம்பி இல்லாத சர்ஜிக்கல் பிராவை ஆறு வாரம் இரவுபகலாகப் போடவேண்டும். இரண்டு போதும் என்பார்கள். மழைக்காலத்தில் இங்கே ஒன்று காய இரண்டு நாள் ஆகும், மூன்று வாங்குங்கள். ஈரப் பிராவை மடிப்புத் தையல்மேல் போட்டுக்கொண்டால் தோல் ஊறி வெளுத்துப் பிரியும். புண் முழுதாக ஆறும்வரை கடல்குளியலும் குளத்துக் குளியலும் வேண்டாம். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் திறந்த புண்ணுக்கு மருந்தல்ல. நன்றாக மூடியபின் தழும்புக்கு சிலிக்கோன் ஷீட் ஒட்டலாம். தழும்பு வெளுத்து அடங்க ஒரு வருஷம் ஆகும்.

முதல் மாதத்தில் கண்ணாடியைப் பார்த்து மனம் உடைகிறவர்கள் பலர். மேல்பகுதி சப்பையாக, தோல் சுருங்கி, ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாகத் தெரியும். வீக்கம் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வடிவதில்லை. மூன்று மாதத்துக்கு முன் எந்தத் தீர்ப்பும் சொல்லாதீர்கள். ஆறு மாதம் கழித்தும் வழுக்கலோ தொய்வோ இருந்தால் அதுதான் உண்மையான குறை.

காத்திருக்கக் கூடாதவை வேறு. ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரத்தில் கல்போல வீங்கி வலித்தால் ரத்தம் கட்டுகிறது. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் சிவப்பும் சீழும் கிருமித்தொற்று. காம்பு நீலித்தோ கறுத்தோ போனால் ரத்த ஓட்டம் தடைபடுகிறது. மூச்சு வாங்கினாலோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ ரத்தம் உறைந்திருக்கலாம். முதலில் அறுவை செய்தவரைக் கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்கவேண்டாம். 108-ஐ அழைத்து, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ பக்கத்திலுள்ள வேறு பெரிய மருத்துவமனையோ, அவசரப் பிரிவுக்கு டிஸ்சார்ஜ் சம்மரியோடு போங்கள்.

செலவு கேட்கும்போது அறுவைக் கட்டணம், மயக்க மருத்துவர், தியேட்டர், இம்பிளான்ட் ஜோடி, பரிசோதனை என்று பிரித்து எழுதித் தரச்சொல்லுங்கள். அழகுக்கான அறுவைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அது சொன்ன தொகைக்குள்ளா வெளியேயா என்பதைக் கேளுங்கள். மருத்துவக் காப்பீடு அழகு சிகிச்சைக்குப் பணம் தராது. புற்றுநோய், விபத்து, தீக்காயத்துக்குப் பின்னான மறுசீரமைப்பும், உடனடி உடல்நலக் கேட்டை நீக்கும் சிகிச்சையும் இதற்கு விதிவிலக்கு, அவற்றுக்குப் பணம் கிடைக்கலாம். கிழிந்த இம்பிளான்ட், நான்காம் படி இறுக்கம் போன்றவை இருந்தால் மருத்துவர் அதை எழுத்தில் தரட்டும், விண்ணப்பித்துப் பார்க்கலாம். கம்பெனி வாரண்டி கிழிசலுக்குத்தான் பெரும்பாலும். அளவு பிடிக்கவில்லை என்பதற்கு இல்லை.

வெளியே வரும்போது புது இம்பிளான்ட்டின் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையை வாங்காமல் வராதீர்கள். வலது, இடது இரண்டுக்கும் தனித்தனி எண் இருக்கும். போனில் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். சிலிக்கோன் ஜெல் என்றால் ஐந்தாம் அல்லது ஆறாம் வருஷம் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., அதன்பின் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. அந்த வருஷத்தை அட்டையின் பின்பக்கமே எழுதிவைக்கலாம்.